காட்டுச்செடி வீட்டுக்கு ஆகாதா?

“விராலியா? அது காட்டுச்செடி ஆச்சே! வீட்டு வாசலில் யாராவது வைப்பார்களா?” கள்ளக்குறிச்சிப் பக்கம் தோட்டம் போடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. புதிதாக வீடு கட்டுகிறவர் கேட்கிறார். நர்சரிக்காரர் கேட்கிறார். பள்ளி வளாகத்துக்குச் செடி வாங்க வரும் ஆசிரியரும் கேட்கிறார். கேள்விக்குள்ளேயே தீர்ப்பும் இருக்கிறது. தானாக முளைப்பதற்கு மதிப்பில்லை, காசு கொடுத்து வண்டியில் ஏற்றி வருவதுதான் தோட்டச்செடி என்பது அந்தத் தீர்ப்பு. அது முழுக்கத் தவறு என்பது என் கட்சி. தண்ணீர்க் கணக்கிலும் தவறு, மண் கணக்கிலும் தவறு, இந்த மலைக்கு நாம் செய்யவேண்டிய நியாயத்தின் கணக்கிலும் தவறு.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் பங்குனி, சித்திரையில் போய்ப் பாருங்கள். சரிவில் நிற்கும் மரங்களில் பெரும்பாலானவை இலையுதிர்த்து நிற்கும். புல் காய்ந்து வைக்கோல் நிறமாகியிருக்கும். பாறை இடுக்கிலும் சரளை மண்ணிலும் ஆளுயரத்துக்குப் பச்சையாக, எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு ஒரு புதர் நிற்கும். அதுதான் விராலி. இலை ஒடுங்கி நீண்டிருக்கும். கிள்ளிப் பார்த்தால் விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். இளந்தளிரின் மேல் செடியே பூசிக்கொள்ளும் பிசின் அது. அந்தப் பூச்சும் தடித்த ஒடுங்கிய இலையும் சேர்ந்து இலையிலிருந்து நீர் ஆவியாவதைக் குறைக்கின்றன. கத்திரி வெயிலில் இந்தப் புதர் வாடாமல் நிற்பதற்கு இதுதான் காரணம். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என்று ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. அதன் வறண்ட சரிவுகளில் விராலிக்கு நிரந்தர இடம் உண்டு.

அழகில்லை என்கிறார்கள். பூவை மட்டும் பார்த்துச் சொல்வதானால் ஒப்புக்கொள்கிறேன். விராலிப் பூவுக்கு இதழே கிடையாது. பச்சையும் மஞ்சளும் கலந்த சிறு கொத்துகள், கவனிக்காமல் கடந்துபோய்விடலாம். ஆனால் அதன் காயைப் பார்க்காதவர் விராலியைப் பார்த்ததாகவே சொல்லக்கூடாது. பெரும்பாலும் மூன்று சிறகுகள் கொண்ட, காகிதம் போல் மெல்லிய காய். முதலில் இளம்பச்சை, பிறகு வெளிர்மஞ்சள், பல செடிகளில் செம்பழுப்பு அல்லது செவ்வூதா வரைக்கும் போகும். முடக்கத்தான் காயை நசுக்கி விளையாடியவர்களுக்கு இந்தக் காயின் சாயல் பழக்கமானதாகத் தோன்றும். காரணம் இரண்டும் ஒரே குடும்பம். பூந்திக்கொட்டையும் அதே குடும்பம்தான். காய்ப்புக் காலத்தில் ஒரு விராலிப் புதர் பல வாரங்களுக்கு நிறம் காட்டிக்கொண்டு நிற்கும். ஹவாய்த் தீவுகளில் இந்தச் செடியை ‘அஆலிஇ’ என்பார்கள். அங்கே பூ மாலைக்குச் சமமாக இதன் காய்க்கொத்துகளைச் சேர்த்து மாலை கட்டுகிறார்கள். நியூசிலாந்தில் ஊதா இலையோடு வளரும் ஒரு வகையைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். கலிஃபோர்னியாவின் வெயில் ஊர்களில் வீட்டை மறைக்கும் உயிர்வேலிக்கு நர்சரிகளில் கேட்டு வாங்கும் செடிகளில் அதுவும் ஒன்று. உலகத்தின் வெப்பத் தோட்டங்கள் தேடி வளர்க்கும் செடி நம் மலையடிவாரத்தில் விறகாகிப் போகிறது. இதை அழகில்லாத செடி என்று தள்ளுவதற்கு முன் ஒருமுறையாவது காய்ப்பில் பார்த்துவிட்டுத் தள்ளுங்கள்.

கள்ளக்குறிச்சிக்காரர்கள் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கலாம். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசைப்படுத்திய கபிலர் உயிர்நீத்த இடம் என்று மரபு காட்டும் பாறை, இதே மாவட்டத்துத் திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கிறது. அந்த 99இல் வெட்சி உண்டு, காயா உண்டு, ஆவிரை உண்டு, பிடவம் உண்டு. அத்தனையும் காட்டுப் புதர்கள். விராலி அதில் இல்லை, சூடிக்கொள்ளத் தகுந்த பூ அதற்கு இல்லையே! ஆனால் காட்டுப் புதரைக் கண்ணெடுத்துப் பார்ப்பதும் பெயர் சொல்லி அறிவதும் இந்த மண்ணில் படித்தவர்களின் வழக்கமாக இருந்தது. ‘காட்டுச்செடி’ என்பதை வசைச்சொல்லாக்கியது பிற்பாடு வந்த பழக்கம்.

அந்தப் பழக்கம் நம்மைக் கொண்டுபோய் விட்ட இடம் எது? 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதற்குப் பிறகு சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையின் இருபுறமும் மனைப்பிரிவுகள் பெருகின. கேட்டுக்குப் பக்கத்தில், நடைபாதை ஓரத்தில், சிறுபூங்காவைச் சுற்றி என்று எங்கே பார்த்தாலும் கோல்டன் டுராண்டா, அக்காலிஃபா, குரோட்டன்ஸ். தமிழ்நாட்டு நர்சரிகளுக்கு வரும் அழகுச்செடிகளில் கணிசமானவை ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்துக் கடியத்திலிருந்து லாரியில் வருபவை. கோதாவரிக்கரை ஈரத்தில் வளர்த்த நாற்றுக்குச் சரளை மண்ணும் வைகாசி வெயிலும் புதிது. தண்ணீர் ஊற்றும்வரை பொன்னிறமாக இருக்கும். ஆழ்துளைக் கிணறு கைவிட்ட வாரத்தில் கருகும். கருகியதைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் அதையே வாங்கி வைக்கிறார்கள். டுராண்டாவின் மஞ்சள் பழம் நச்சு என்பதை, அதைப் பள்ளிக்கூட வளாகத்தில் வைக்கும்போது யாரும் சொல்வதில்லை.

இதைவிடப் பெரிய பாடம் கோனோகார்பஸ். எப்போதும் பச்சை, வேகமாக வளரும், உப்புத்தண்ணீரும் போதும், வெயில் தாங்கும், வெட்டினால் சுவர்போல் அடர்த்தியாகும் என்று சொல்லி இந்தியா முழுக்க நட்டார்கள். மகரந்தத்தால் ஒவ்வாமை, வேரால் குழாய்களுக்கும் வடிகால்களுக்கும் சேதம் என்று புகார்கள் வந்தபின் குஜராத் அரசு 2023இல் அதை நடுவதற்குத் தடை போட்டது. பின்னர் தமிழ்நாடு அரசும் தடை விதித்தது. கோனோகார்பஸில் மக்கள் தேடியது எதை? பசுமைமாறாத, வெயில் தாங்கும், வெட்டினால் அடரும் வேலி. அந்தத் தேவை நியாயமானதுதான். அதைத் தீர்க்கக் கடல் கடந்து போகவேண்டியிருக்கவில்லை. வெள்ளிமலைச் சாலையில் இறங்கிப் பார்த்திருந்தாலே போதும்.

இங்கே எதிர்க்கட்சி ஒரு நல்ல கேள்வி கேட்கும். விராலியும் காற்றில் மகரந்தம் பரப்பும் செடிதானே, நாளைக்கு அதற்கும் இதே புகார் வராதா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. விராலியில் பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் ஆண் செடியிலிருந்து மட்டும் வரும். அதைக் கிலோமீட்டர் கணக்கில் ஒற்றைப் பயிராக நட்டால் எந்தச் செடியையும் போலவே அதுவும் தொல்லையாகும். மருத்துவமனை வாசலில் நூற்றுக்கணக்கில் வைக்காதீர்கள் என்று நானே சொல்வேன். விராலியையே பத்தியாக நட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விராலிக்கு நடுவே காயா, களா, ஆவாரை, நொச்சி என்று கலந்து வையுங்கள். விராலிப் பூவில் தேன் தேடி வண்ணத்துப்பூச்சி வராது. அந்தக் குறையை ஆவாரையும் நொச்சியும் தீர்க்கும். களாவின் முள் வேலிக்குக் காவல், அதன் பழம் குழந்தைகளுக்கும் பறவைகளுக்கும். கொண்டைக்குருவி கூடு கட்டுவதற்கு இப்படிப்பட்ட கலப்புப் புதர்தான் வேண்டும். கத்தரித்து மொட்டையாக்கிய டுராண்டாப் பத்தியில் அது எங்கே உட்காரும்?

புதர் என்ற சொல்லைக் கேட்டதும் பாம்பு பயம் வந்துவிடுகிறது. கிராமத்தில் பிறந்தவர்களுக்கு இந்தப் பயத்தை நான் விளக்கவேண்டியதில்லை, அதைக் கேலி செய்யவும் மாட்டேன். ஆனால் பாம்பு செடியின் ஊரைப் பார்த்து வருவதில்லை. எலியைத் தேடி வருகிறது, தவளையைத் தேடி வருகிறது, செங்கல் குவியலையும் விறகுக் கட்டையும் தேடி வருகிறது. தினமும் தண்ணீர் பாயும் புல்தரையும் அடர்ந்த டுராண்டா வேலியும் தவளைக்கு ஏற்ற இடம். விராலியைத் தண்டு தெரியுமாறு அடியில் முக்கால் அடி, ஒரு அடி உயரத்துக்குக் கிளை நீக்கி வளர்க்கலாம். கீழே ஈரம் தேங்காது. சருகை அவ்வப்போது கூட்டிவிட்டால் ஒளிவதற்கு இடமும் இருக்காது.

நாட்டுச்செடி ஆமை வேகத்தில் வளரும் என்பது இன்னொரு பேச்சு. காயாவுக்கு இது பொருந்தும். அது நிதானமான செடி, பொறுமை கேட்கும். விராலி அப்படியில்லை. வெட்டவெளியில் முதலில் வந்து இடம் பிடிக்கும் இனம் அது, வேகமாக வளர்ந்தால்தான் அதற்குப் பிழைப்பு. இரண்டு மூன்று மழைக்காலம் கண்ட விராலி இடுப்புயரத்தைத் தாண்டிவிடும். சிறு பருவத்திலேயே நுனி கிள்ளிவிட்டால் பக்கக்கிளை அடிக்கும். ஆடும் மாடும் அதைத் தொடாது. இலையில் இருக்கும் கசப்பும் பிசினும் அவற்றுக்குப் பிடிக்காது. கம்பிவேலி போடக் காசில்லாத ஊராட்சிப் பள்ளிக்கு இதைவிட என்ன வேண்டும்? வைத்த செடி அத்தனையும் மறுவாரமே ஆட்டின் வாய்க்குப் போவதைப் பார்த்து மனம் ஒடிந்த ஆசிரியர்களை நான் அறிவேன்.

அடுத்த எதிர்ப்பு படித்தவர்களிடமிருந்து வருவது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லவேண்டும். விராலி நம் நாட்டுச் செடியே இல்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்கிறார்கள். இதில் பாதி உண்மை. இந்தப் பேரினத்தில் எழுபது வகைகள் வரை உண்டு. ஏறத்தாழ அத்தனையும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. விராலி என்ற இந்த ஒரு வகையின் மூலமும் அங்கேதான் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அது அங்கிருந்து கிளம்பியது மனிதன் கப்பல் கட்டுவதற்கு வெகுகாலம் முன்பு. பல லட்சம் ஆண்டுகளில் தானாகவே ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா, பசிபிக் தீவுகள் என்று வெப்ப நாடுகள் எங்கும் பரவிவிட்டது. மனிதர் கைபடாமல் வந்து, இந்த மண்ணின் மழைக்கும் வெயிலுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தன்னைப் பழக்கிக்கொண்ட ஒன்றை அந்நியச் செடி என்றால், பிறகு எதைத்தான் நாட்டுச்செடி என்பது? சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் அடிபட்ட எலும்புக்கும் விராலி இலையை வைத்துக் கட்டும் வழக்கம் மலையடிவார ஊர்களில் உண்டு. அதன் உறுதியான கட்டை கருவிகளுக்குப் பிடியாகிறது. அந்நியச் செடியோடு ஒரு சமூகத்துக்கு இப்படிப்பட்ட பழக்கம் ஒரு தலைமுறையில் வந்துவிடாது.

உண்மையில் அந்நியச் செடி செய்த சேதத்தைப் பேச வேண்டுமானால் திசையைத் திருப்பிப் பார்க்கவேண்டும். காட்டுச்செடியை வீட்டுக்குள் விடமாட்டோம் என்கிற நாம், தோட்டச்செடியைக் காட்டுக்குள் அனுப்பி வைத்திருக்கிறோம். இன்று கல்வராயன் சரிவுகளில் பரவிக் கிடக்கும் உண்ணிச்செடி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுக்காக வந்தது. குளங்களை மூடும் ஆகாயத்தாமரையும் அழகுக்காகத்தான் இந்தியாவுக்குள் வந்தது. நீலகிரி, முதுமலைப் பக்கம் காட்டையே மூடும் மஞ்சள்பூச் சென்னாவும் அழகுமரமாக நட்டதுதான். அதை வெட்டி அகற்றிக் காகித ஆலைக்கு அனுப்பவேண்டிய நிலை வந்திருக்கிறது. அந்நியத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கை வெளியிட்டது. அடுத்த உண்ணிச்செடி எந்த நர்சரியின் பையில் இப்போது நின்றுகொண்டிருக்கிறது என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. டுராண்டா ஏற்கெனவே ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் களையாகப் பரவியிருக்கிறது. விராலி விதை காற்றில் பறந்து காட்டுக்குள் விழுந்தால் அது தன் வீட்டுக்குத்தான் போயிருக்கிறது.

விராலியைச் சீரழிந்த காட்டின் அடையாளம் என்று வனவியல் படித்தவர்கள் சிலர் சொல்வதுண்டு. ஆடு மற்றதையெல்லாம் மேய்ந்துவிட்டு இதை மட்டும் விடுவதால், மேய்ச்சல் மிகுந்த மலையில் விராலி கூடுதலாகத் தெரிகிறது. அவ்வளவுதான். அதைப் பார்த்து விராலியைக் குறைசொல்வது, கலவரத்துக்குப் பிறகு தெருவில் நிற்கும் ஒரே ஆளைப் பிடித்து உள்ளே வைப்பதற்குச் சமம். மேல்மண் அரித்துப்போன சரிவில் வேரூன்றி, மிச்ச மண்ணைப் பிடித்து வைத்து, தன் நிழலில் வேறு விதைகள் முளைக்க இடம் கொடுப்பது அதுதான். ஆனால் நம் கணக்குப் புத்தகங்களுக்கும் புதரைப் பிடிக்காது. இந்திய வன அளவைத் துறையின் அறிக்கைகளில், மர விதானம் பத்து விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்த நிலம் காடு என்ற கணக்கிலிருந்தே விழுந்து ‘புதர்நிலம்’ என்று தனியே ஒதுங்கிவிடும். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கும் காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 விழுக்காட்டுக்குக் கொண்டுபோவதுதான். நல்ல இலக்கு, அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் மரத்தை மட்டும் எண்ணும் அரசும், பூவை மட்டும் பார்க்கும் தோட்டக்காரரும் சேர்ந்து, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் புதரைக் கண்ணுக்குத் தெரியாததாக்கிவிட்டார்கள். வறண்ட நாட்டின் பசுமையில் பாதி அந்த நடு உயரத்தில்தான் இருக்கிறது.

எதிரிகளைச் சொன்னேன். நண்பர்களையும் சொல்லாமல் விடமாட்டேன். நாட்டுச்செடி ஆர்வலர்களில் சிலர் “வைத்துவிட்டுப் போங்கள், தண்ணீரே வேண்டாம், பராமரிப்பே வேண்டாம்” என்று பேசுகிறார்கள். இந்தப் பேச்சால் செத்த செடிகள்தான் ‘நாட்டுச்செடி பிழைக்காது’ என்ற நம்பிக்கைக்கு உரம். காட்டில் ஒரு விராலி நிற்கிறதென்றால் அதற்குப் பின்னால் முளையிலேயே கருகிய எத்தனையோ விதைகள் இருக்கின்றன. தோட்டத்தில் நாம் வைப்பது ஒற்றை நாற்று. அதன் வேர் கீழே இறங்கும்வரை, முதல் கோடை முழுக்க, வாரம் ஒருமுறையாவது நன்றாக நனையத் தண்ணீர் விட்டே ஆகவேண்டும். அதற்குப் பிறகு கையை எடுத்துவிட வேண்டும். புல்தரைக்குப் போகும் டிரிப் குழாயை இதற்கும் நீட்டி வைத்து அழுக விடுகிறவர்கள் உண்டு. தண்ணீர் தேங்கும் களிமண் விராலிக்கு எமன். கரிசல் நிலமாக இருந்தால் மேட்டுப்பாத்தி எடுத்துச் சரளையும் மணலும் கலந்து வையுங்கள். முடியாதென்றால் அந்த இடத்துக்கு நொச்சியை வையுங்கள், அது ஈரத்தையும் தாங்கும். எல்லா இடத்துக்கும் ஒரே செடி என்று சொல்கிறவரை நம்பாதீர்கள், அந்தச் செடி விராலியாகவே இருந்தாலும்.

இன்னும் சிலர் மலைக்கு வண்டி கட்டிப்போய்க் காட்டிலிருந்தே பிடுங்கி வந்துவிடுகிறார்கள். காப்புக்காட்டில் அப்படிச் செய்வது சட்டப்படி குற்றம். செடிக்கும் அது நல்லதில்லை. பாறை இடுக்கில் ஆழமாக இறங்கிய வேர் பாதியில் அறுந்துதான் கையோடு வரும், வந்தது பிழைக்காது. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் மலையை நகரத்துத் தோட்டங்களுக்கு இலவச நாற்றங்காலாக்குவது எனக்குச் சம்மதமில்லை.

விதை போதும். சாலையோரத்திலும் பட்டா நிலத்து வரப்பிலும் நிற்கும் செடிகளில் காய் சருகாகிப் பழுப்பேறும்போது உரிமையாளரிடம் கேட்டுப் பறித்துக்கொள்ளலாம். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் சிறகு பொடியாகிப் பறந்துவிடும், கறுப்பு விதை தங்கும். விதையுறை கடினம், அப்படியே போட்டால் கொஞ்சமே முளைக்கும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, அது ஆறும்வரை விட்டு, ஓர் இரவு ஊறப்போட்டு எடுத்து விதைத்தால் முளைப்பு நன்றாகக் கூடும். செம்மண், மணல், மக்கிய எரு சமமாகக் கலந்த தட்டு போதும். நான்கு இலை விட்டதும் பைக்கு மாற்றவேண்டும், தாமதித்தால் வேர் சுருண்டுவிடும்.

“எல்லாம் சரி, எங்கே விற்கிறார்கள்?” என்று கேட்டால் அங்கேதான் என் வாதம் இப்போதைக்குத் தடுக்கி நிற்கிறது. கேட்பாரில்லை என்று நர்சரிக்காரர் வளர்ப்பதில்லை, வளர்ப்பாரில்லை என்று வீட்டுக்காரர் கேட்பதில்லை. இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடியவை அரசு நாற்றங்கால்கள். வனத்துறையிடம் நாற்றங்கால் இருக்கிறது, தோட்டக்கலைத் துறைக்குக் கல்வராயன் மேலேயே கருமந்துறையில் பெரிய பண்ணை இருக்கிறது, ஊராட்சிகளில் நூறு நாள் வேலையில் நாற்று வளர்த்துப் பழகிய பெண்கள் இருக்கிறார்கள். வேம்பும் புங்கனும் நிற்கும் பாத்திகளுக்குப் பக்கத்தில் விராலிக்கு ஒன்று, காயாவுக்கு ஒன்று, களாவுக்கு ஒன்று என்று ஒதுக்குவதற்குத் தனித் திட்டம் எதுவும் வேண்டாம். மாவட்டத்தின் புது அலுவலகக் கட்டடங்களுக்கும் பள்ளிகளுக்கும் செடி வாங்கும் ஆணையில் இந்த மூன்று பெயர்களைச் சேர்த்தால் கேட்பாரும் வந்துவிடுவார். சித்திரை கடைசியில் விதைத்த நாற்று ஐப்பசி மழைக்கு நடும் பருவத்துக்கு வந்திருக்கும். வேலிக்கு இரண்டடி, இரண்டரை அடி இடைவெளி போதும்.